முன்வளவுக்கு ஏற்ற மண்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஒரு தடவையும் வீட்டைப் பல தடவையும் பார்ப்பார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு போய் நின்றபோது, மாப்பிள்ளையின் தாய் என் முகத்தை விட்டுவிட்டு யன்னலால் எங்கள் முன்வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய ஒரு செருப்பு இன்னும் அங்கே சேற்றுக்குள்தான் கிடந்தது.

எங்கள் வீடு வாவிக்கரை ஒழுங்கையில் இருந்தது. வீட்டுப் படியில் தொடங்கும் நிலம் தெருப் படலை வரை சரிந்துகொண்டே போகும். அடியில் களிமண். மாரியில் படலையடியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். மழை விட்டாலும் அது வடியாது.

“புள்ளையில ஒரு குறையுமில்ல,” என்றார் மாப்பிள்ளையின் தாய், ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி. “வளவத்தான் கொஞ்சம் நிரவி எடுங்க. இந்தச் சேத்துக்குள்ள எங்க பந்தல் போடுற? மறுகா நாளப் பாப்பம்.”

என் வாழ்க்கை இப்படி மண்ணில் போய் நின்றது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை மறைக்கிற வயதெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. வந்தவர்களில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தாயின் செருப்புக்காகச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவியவர் அவர் ஒருவர்தான். களுவாஞ்சிக்குடிக் கந்தோரொன்றில் எழுத்து வேலை பார்க்கிறவர், முழங்கை வரை சேறாகி நின்றார்.

அப்பா சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அரிசியைக் கடித்துப் பார்க்காமல் மூட்டை இறக்க விடாத மனிதருக்கு, இப்போது மண் வாங்கும் வேலை வந்தது. காசு கொஞ்சம், ஆலோசனை நிறைய. வாவிச் சேற்றை அள்ளிப் போடு, சும்மா கிடைக்குது என்றார்கள். மில்லில் உமி மலை மாதிரிக் குவிந்து கிடக்குது, அதைக் கொட்டு என்றார்கள். உமி முதல் வெள்ளத்திலேயே மிதந்து வீட்டுக்குள் வந்து எங்களோடு குடியிருக்கும் என்று அம்மா சொன்னார்.

வெல்லாவெளிச் செம்மண் கிறவல்தான் திறம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வரவேண்டும். வழியில் ஆமியின் சோதனைச் சாவடி. உழவு மெசினில் வருகிற கிறவலை முழுக்க றோட்டில் கொட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, திரும்ப அள்ள வேண்டும். கொட்டியதெல்லாம் திரும்ப ஏறுமா? மாவட்டத்திலேயே நன்றாக நிரவப்பட்ட நிலம் அந்தச் சாவடியின் முன்பக்கம்தான் என்று சொல்லுவார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மலிவாகக் கிடைத்த ஒரே பொருள் இடிந்த சுவர். கல்லும் ஓடும் காரைக்கட்டியும் கேட்பாரில்லாமல் கிடந்தன. தண்ணீரும் நன்றாக வடியும். ஒருவர் ஒரு வண்டி ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். அப்பா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கல்லில் அடுப்புக்கரி படிந்திருந்தது.

“இது ஆர்ரயோ குசினி. கொண்டு போங்க,” என்றார். எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் தள்ளிப்போகிறதே என்றும்தான்.

பிறகு அப்பா ஆராய்ச்சியில் இறங்கினார். பால்மா டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மண்ணை நிரப்பி, வீதியைப் பார்த்த மதிலில் வரிசையாக வைத்தார். ஒரு செம்புத் தண்ணீர் எதில் சீக்கிரம் இறங்குகிறது என்று பார்க்கத்தான். யுத்த காலத்தில், வீதியோரத்தில், மண் நிரப்பிய டின்களை வரிசையாக வைத்தால் மற்றவர்களுக்கு என்ன தோன்றும் என்று சங்கக்கடை மனேச்சருக்குத் தோன்றவில்லை.

ரோந்து வந்த ஆமிக்காரர்கள் அப்படியே தரையில் விழுந்து படுத்தார்கள். அப்பா ஒரு கையில் செம்போடு இரண்டு கைகளையும் உயர்த்தினார். கொச்சைத் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் அவர்களுடைய அதிகாரிக்கு மொழிபெயர்த்தான். அப்பா மண்ணைப் பற்றிச் சொன்னார், சரிவைப் பற்றிச் சொன்னார், மாப்பிள்ளையின் தாயைப் பற்றியும் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. அவர்கள் அடுத்த வீட்டு மதிலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, அப்பாவை ஒவ்வொரு டின்னிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள்.

நாங்கள் உள்ளே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பா ஊற்றினார். ஒன்றும் வெடிக்கவில்லை. வாவிச் சேற்று டின்னில் தண்ணீர் அப்படியே நின்றது. கடைசி டின்னில், அடியில் உடைந்த செங்கல்லும் மேலே பருமணலும் போட்டதில், ஊற்ற ஊற்ற ஓடியது. அதிகாரி மெல்ல எழும்பி வந்தார். குனிந்து பார்த்தார். அந்த டின்னில் தன் கையாலேயே இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தார்.

“விசயம் தெரிஞ்ச மனுசன்,” என்றார் அப்பா, அவர்கள் போனபிறகு. அவருடைய ஆராய்ச்சியை மதித்த முதல் ஆள் அந்த அதிகாரிதான்.

செங்கல் வாடியில் கருகி விலைப்படாத கற்களை அடிமாட்டு விலைக்கு எடுத்தோம். தேற்றாத்தீவில் ஒருவர் தென்னந்தோட்டத்து மணல்மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார்; வண்டிக்கூலி கொடுத்தால் மணல் சும்மா. அப்பா நூல் பிடித்து நிரவினார். அடுத்த மாரி வந்தபோது ஒழுங்கை முழுக்க வெள்ளம், எங்கள் படலையடி மட்டும் காய்ந்து கிடந்தது. அம்மா களுவாஞ்சிக்குடிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி அனுப்பினார், வந்து பாருங்க என்று.

பார்க்க முதலில் வந்தது ஆமி. சந்தியில் இருந்த அவர்களுடைய காவலரண் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. அந்த அதிகாரிக்கு எங்கே தண்ணீர் நிற்காது என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விடிந்து பார்த்தால் எங்கள் முன்வளவில் மணல் மூட்டை, தகரப் பீப்பாய், துவக்கோடு இரண்டு பேர். அதிகாரி மணலைச் சப்பாத்தால் தட்டிப் பார்த்து, “ஹொந்தாய்” என்றார்.

“நல்லம் எண்டு சொல்றான்,” என்றார் அப்பா. அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. எனக்கு அந்த மணலை அள்ளி அவருடைய தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து பதில் வரவில்லை. காவலரண் உள்ள வளவுக்கு மகனைக் குடியனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பார்? நான் சமைத்தேன், கழுவினேன், அந்த மட்டமான நிலத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

ஒருநாள் பகல் அப்பா கடைக்குப் போயிருந்தார். வெளியே அதட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை சேர்ட்டைக் கழற்றி, கைகளை உயர்த்தி, எங்கள் படலைக்குள் நின்றார். சைக்கிள் மணலில் கிடந்தது. இந்த வீட்டுக்கு நீ யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் அவர் எங்களுக்கு யாருமில்லை.

“இவனத் தெரியுமா?” என்று அந்தக் கொச்சைத் தமிழ்ச் சிப்பாய் என்னைக் கேட்டான். “ஆரு?”

பதில் இல்லாதவர்களை விசாரித்துவிட்டு விடுவதாகக் கூட்டிப்போவார்கள். போனவர்களில் திரும்பாத பலரை எனக்குத் தெரியும்.

“எண்ட புருசன்,” என்றேன்.

பின்னால் அம்மா தன் வாயைப் பொத்தினார். சிப்பாய் மாப்பிள்ளையைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். சேர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். அப்பா வந்து, என்ன விசயமாக வந்தீங்க என்று கேட்டதற்கு, “சும்மா, வளவப் பாக்க வந்தன்,” என்றார். போய்த் தாயிடம் என்ன சொன்னாரோ, தையில் கல்யாணம் நடந்தது. காவலரண் இருந்ததால் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள்.

அவர் அன்றைக்கு எதற்கு வந்தார் என்பதை, பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். இந்தக் கல்யாணம் சரிவராது என்று சொல்லிவிட்டு வரும்படி தாய் அனுப்பியிருக்கிறார்.

“பிறகேன் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வந்தன்,” என்றார். “நீ முந்திட்டாய்.”