நானாவுக்கு வைத்த தனித் தட்டு

மூன்று வருடங்களுக்கு முன், என் மூத்த மகளின் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்கியது இது. மன்னார் மாவட்டத்தில் முசலிக் கரையோரம் எங்கள் ஊர். அங்கே சிறியதொரு தொலைபேசிக் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போடுவது, போட்டோப் பிரதி எடுப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் நான்தான். அதனால் ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் வருவார்கள். தெரிந்ததோ தெரியாததோ, பதில் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. அப்படி ஒரு வாய் எனக்கு.

என் நானா, அதாவது மூத்த சகோதரன், கடலுக்குப் போகிறவர். என்னைவிட ஆறு வயது கூட. ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டு வந்தார். மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தோம். இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்கிற ஈரல் அழற்சி வைரஸ். ஈரலில் நெல்லிக்காய் அளவு கட்டி. புற்றுநோய் என்றார்கள். நல்ல வேளையாகச் சின்னதாக இருக்கும்போதே தெரிந்தது, கொழும்பில் வெட்டி எடுக்கலாம் என்று ஒரு மாதம் தள்ளித் திகதி கொடுத்தார்கள். நானா கலங்கவில்லை. “பிள்ளையிட கலியாணத்தை முடிச்சிட்டுப் போவம்” என்றார்.

நான்தான் கலங்கினேன். கடையில் இருந்து போனில் அந்த நோயைப் பற்றித் தேடினேன். ‘தொற்றக்கூடியது’ என்ற சொல் கண்ணில் பட்டதும் போனை மூடிவிட்டேன். அடுத்த வரியை வாசிக்கவில்லை.

எங்கள் விருந்துகளில் சஹன் வைத்துத்தான் சாப்பிடுவோம். ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து கையைப் போடுவோம். கலியாண வீட்டில் எங்கள் குடும்பத்துச் சஹனுக்கு நானாதான் மூத்தவர். அவர் முதல் பிடி எடுத்தால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். அன்று நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, நானாவுக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு வைக்கச் சொன்னேன். சுகமில்லாத ஆள், பத்தியம் என்று ஒரு சாட்டும் சொன்னேன்.

நானா அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டு எழும்பிக் கை கழுவினார். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, “சின்னப் பிள்ளையள் இருக்கிற இடம். நீ செஞ்சது சரிதான்” என்றார். கோபித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை, குடும்பத்தில் எல்லோரும் இரத்தம் கொடுக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கொடுத்தோம். முடிவுகளை வாங்க நானாவும் நானும் போனோம். அங்கே இருந்த டாக்டர் ஒரு இளம் பெண். மற்ற எல்லோருக்கும் ஒன்றுமில்லை, தடுப்பூசி போட்டால் போதும் என்றார். என் காகிதத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்தார்.

“உங்களுக்கும் இது வந்து போயிருக்கு, தெரியுமோ?”

எப்போதாவது செங்கண்மாரி வந்ததா என்று கேட்டார். வந்ததுதான். நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டில் முகாமில் இருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. கண் மஞ்சளாகி மூன்று கிழமை படுத்த படுக்கை. அதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். இது இரத்தத்தால் பரவும் நோய், ஊசியோ சவர பிளேட்டோ பகிர்ந்தீர்களா என்று கேட்டார். முகாமில் நானாவும் நானும் ஒரே பிளேட்டில்தான் சவரம் செய்தோம்.

புற்றுநோய் என்று சொன்னபோது அசையாத நானா, அப்போதுதான் உடைந்தார். “என்ட பிளேட்டாலயா டாக்டர் இவனுக்கு வந்தது?” என்று கேட்டுவிட்டுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டாக்டர் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்படியும் இருக்கலாம், ஆனால் அது உங்கள் பிழையில்லை என்று சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஈரலின் படத்தைக் கீறி விளங்கப்படுத்தினார். இந்த வைரஸ் ஈரலின் கலங்களை, அதாவது செல்களை, தானாகக் கொல்வதில்லையாம். உள்ளே புகுந்து சத்தமில்லாமல் குடியிருக்குமாம். இரத்தத்தில் ஓடுகிற எங்கள் எதிர்ப்புக் கலங்கள்தான் அது இருக்கிற கலத்தை அடையாளம் கண்டு, தேடிப் போய் அழிக்கின்றனவாம். “உங்கட கண் மஞ்சளானது உங்கட ஆக்கள் சண்டை பிடிச்ச அடையாளம். அவை வெண்டிட்டினம்” என்றார்.

நானாவுக்கு அது கைக்குழந்தையாக இருந்தபோதே தொற்றியிருக்க வேண்டும் என்றார். அந்த வயதில் எதிர்ப்புக் கலங்களுக்கு அதை அந்நியமென்று சரியாகத் தெரியாது. வளர்ந்த பிறகு அவை எதிர்த்திருக்கின்றன. ஆனால் வெல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் வருடக்கணக்காகச் சண்டை பிடித்து, ஈரலில் தழும்பு விழுந்து, கடைசியில் அவை களைத்துப் போயின. கெட்ட கலம் ஒன்று கட்டியாக வளரத் தொடங்கியபோது தடுக்க அவற்றுக்குப் பலமில்லை.

“அப்ப என்ட உடம்பில இருந்தது முழுக்கப் போயிட்டுதா?” என்று கேட்டேன்.

“எங்கையாவது ஓரத்தில கொஞ்சம் ஒளிச்சிருக்கும். ஆனா உங்கட ஆக்கள் அதை மறக்கேல்லை. இண்டைக்கும் காவல் நிக்கினம்.”

இருபத்தேழு வருடம்! நான் கடை திறந்தேன், கலியாணம் முடித்தேன், பிள்ளைகளைப் பெற்றேன், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேன். அவ்வளவு காலமும் எனக்குள் ஒரு படை கண் மூடாமல் நின்றிருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கதிரையில் இருந்து என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அல்லாஹ்வின் படைப்பை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

எழும்பும்போது, ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றுமா என்று மெல்லக் கேட்டேன். “சாப்பாட்டால தொற்றாது. தாராளமாச் சேர்ந்து சாப்பிடுங்கோ” என்றார். நான் வாசிக்காமல் விட்ட அடுத்த வரி அதுதான்.

பஸ்ஸில் நானாவுக்குப் பக்கத்தில் இருந்து வரும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முகாமில் நான் படுத்திருந்த மூன்று கிழமையும் எனக்குக் கஞ்சி ஊட்டியது நானாதான். யாரும் கிட்ட வரப் பயந்த நேரம். நான் குடித்து மிச்சம் வைத்ததை அதே கோப்பையில் அவர் குடிப்பார். வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொழும்பில் ஒபரேஷன் நடந்தது. நாலு மணித்தியாலம் வெளியே நின்று, நானாவின் களைத்துப் போன அந்தக் கலங்களுக்காகவும் சேர்த்துத் துஆக் கேட்டேன். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஈரல் திரும்ப வளரும் என்று அவர்கள் சொன்னபோது அல்லாஹ்வின் படைப்பை இன்னொரு தரம் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சஹன் வைத்தோம். நானா சற்றுத் தள்ளி இருந்துகொண்டு என் மனைவியிடம், “எனக்கு ஒரு தட்டுத் தாங்க” என்றார். நான் சஹனை அவர் முன்னால் தள்ளி வைத்தேன். அப்போதும் அவர் கையை நீட்டவில்லை. ஒரு பிடி சோற்றை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். “என்னை மன்னிச்சிடுங்க நானா” என்றேன். அவர் வாயைத் திறந்தார்.

இப்போது அவர் ஒவ்வொரு நாளும் ஒரு மாத்திரை குடிக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். இதுவரை நல்ல முடிவுதான். யார் அந்நியன், யார் சொந்தம் என்று என் இரத்தத்தில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத கலங்களுக்குத் தெரிந்திருந்தது. அவற்றைச் சுமந்து திரிந்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்பதை, சஹனில் நானா முதல் பிடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.