நீருக்குள் வித்திடும் பங்கசு

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் நான் விடுமுறைக்காகச் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தேன். மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பங்கசு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம். ஊரில் பூஞ்சணம் என்பார்கள். பழைய பாண் துண்டுகளில் பச்சையாகப் படரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைத்தான் நான் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்தேன்.

"பூஞ்சணத்தப் படிக்கவா மகள் இவ்வளவு தூரம் போற?" என்று உம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். வாப்பா அப்படிக் கேட்க மாட்டார். மீன் வியாபாரம் செய்தவர் என்றாலும் உயிருள்ள எதைப் பற்றியும் அவருக்கு அறிய ஆசை. சனிக்கிழமை மாலை, மகரிபு தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. வெளியில என்ன நடக்குதெண்டு எப்படி வெளங்கும்?"

"அதுட ஒவ்வொரு கலத்திட ஓரத்திலயும் ஒரு புரதம் இருக்கு வாப்பா. வெளியில சாப்பாடு இருந்தா அது உள்ளுக்குச் சேதி அனுப்பும். சேதி போற வரைக்கும் நூல் நூலா வளரும். இன்னொரு புரதம் வந்து அந்தச் சேதிய நிப்பாட்டினாத்தான் வளர்றத விட்டுட்டு வித்தி போடும், மரம் விதை போடுற மாதிரி."

"தண்ணிக்குள்ள இருந்தா?"

"வளர மட்டும்தான் செய்யும். காத்துப் பட்டாத்தான் வித்தி."

பிறகு என் புதிய குடுவையைப் பற்றியும் சொன்னேன். அதில் இருந்தது மரபணு மாற்றப்பட்ட ஒரு வகை. சேதி அனுப்பும் புரதம் அதில் முடமாகிப் போயிருந்தது. அதனால் அது திரவத்துக்குள் அமிழ்ந்திருக்கும்போதே வித்திகளைப் போட்டது. ஒரு காலை குடுவைக்குள் அந்த வித்தித் தலைகளை நுணுக்குக்காட்டியில் கண்டபோது நான் மகிழ்ச்சியில் கூவிவிட்டேன். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்ப அதுக்குத் தான் எங்க இருக்கமெண்டே தெரியாமப் போயிட்டு" என்றார்.

அவரோடு நான் நிறுத்தி நிதானமாகக் கதைத்தது அதுதான் கடைசி. மறுநாள் காலை தோணிகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து அவர் கடற்கரைக்குப் போனார். நான் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது எங்கள் மதிலுக்கு மேலால் கறுப்பாக ஒன்று வந்தது. அது தண்ணீர் என்று விளங்குவதற்குள் நான் அதற்குள் இருந்தேன்.

மண், மலசலக் குழி, டீசல், தோணா வாய்க்காலில் காலங்காலமாகத் தேங்கிக் கிடந்த சேறு, எல்லாமே அந்தத் தண்ணீரில் இருந்தன. அதைக் குடித்தேன். மூச்சாகவும் இழுத்தேன். ஒரு முள்வேலியில் தொங்கிக்கொண்டிருந்த என்னைக் காக்கா கண்டெடுத்தார். என் மூத்த அண்ணன், சந்தைக்குப் போயிருந்ததால் தப்பியவர். வாப்பாவின் மையித்தைப் பிறகு கண்டுபிடித்து, மற்றவர்களோடு ஒரே குழியில் அடக்கினார்கள்.

தப்பிய உம்மாவும் காக்காவும் நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். எனக்கு விடாத இருமல். அது குறைந்து வந்தபோது இடது கண்ணுக்கு மேலே வலி தொடங்கியது. அங்கே தலைவலி இல்லாதவர் யார்? முகாமுக்கு வந்த டாக்டர், "கவலைதான், நித்திரை கொள்ளுங்க" என்றார். அவர் சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் பொருந்தியது. உம்மா ஓதிய தண்ணீர் வாங்கி வந்து தந்தார். தண்ணீர்க் கோப்பையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு சொற்கள் போகத் தொடங்கின. முதலில் போனது 'சீப்பு'. உம்மாவிடம் கேட்க வாயைத் திறந்தேன். அந்தச் சொல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கையால் தலையை வாரிக் காட்டினேன். உம்மா சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தார். சில நாட்களில் 'கதவு' போனது, 'காக்கா' போனது. அண்ணன் முன்னால் வந்து நிற்கிறார், அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு காலை வலது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் போனதும், அவர் யாரிடமும் கேட்காமல் ஒரு வான் வண்டியைப் பிடித்து என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் கட்டிகள் இருந்தன. மண்டையைத் துளைத்துச் சீழை எடுத்தார்கள். அது எந்தக் கிருமி என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வுகூடத்து டாக்டர், தமிழ் கதைக்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண், நான் என்ன படிக்கிறேன் என்று காக்காவிடம் கேட்டறிந்து, மூடிய கண்ணாடித் தட்டொன்றோடு என் கட்டிலுக்கு வந்தார். தட்டில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல வளர்ந்திருந்தது. பார்த்த உடனேயே அது பங்கசு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சேத்திலயும் சாக்கடையிலயும் வாழ்ற பங்கசு" என்றார். "தண்ணியோட நெஞ்சுக்குள்ள போயிருக்கு. அங்கயிருந்து இரத்தத்தால மூளைக்கு வந்திருக்கு."

ஒரு கேள்வியைச் சேர்த்தெடுக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவர் பொறுமையாக நின்றார்.

"சீழுக்குள்ள... நூல் மட்டும்தானே?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "வித்தியும் கண்டன்" என்றார்.

"காத்து... இல்லாமலா?"

"இந்த இனம் சில நேரம் அப்படிச் செய்யும். உடம்புக்குள்ளயே போடும்."

காக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு என்ன அர்த்தம் தங்கச்சி?" என்று கேட்டார். என்னிடம் அப்போது சொற்கள் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நூல் இருந்த இடத்தில் இருந்து ஊர்ந்துதான் போகும். வித்தி இரத்தத்தில் மிதந்து எங்கும் போய் இறங்கும். கண்ணுக்கு, இதயத்துக்கு, முள்ளந்தண்டுக்கு. என் பங்கசுக்கு நான் படித்துவைத்த சட்டம் இந்தப் பங்கசுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் மருந்து பலிக்கவில்லை. காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதுதான் மிச்சம். அது ஏன் பலிக்காமல் போகலாம் என்பதையும் நான் படித்திருந்தேன். மருந்து தாக்கும்போது பங்கசுக்குள் ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். ஆபத்து என்ற சேதி உட்கரு வரைக்கும் போய்ச் சேரும். சில இனங்கள் அதைக் கேட்டுத் தங்கள் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும். என் தலைக்குள் அந்தச் சேதி இப்போது எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று யோசித்தபடி கிடந்தேன். இதெல்லாம் தெரியாதவர்கள் இறைவனிடம் துஆக் கேட்டுவிட்டு நித்திரை கொண்டார்கள்.

ஆய்வுகூடத்து டாக்டர் வெளிநாட்டிலிருந்து புதிய மருந்தொன்றை எடுப்பித்தார். அதைத் தின்றால் என் கண்ணுக்கு அறைச் சுவரெல்லாம் நிறம் நிறமாக மின்னும்; வெயில் பட்ட தோல் வெந்து உரியும். ஆனால் கட்டிகள் மெல்ல மெல்லச் சுருங்கின. 'காக்கா' என்ற சொல் திரும்பி வந்த அன்று அண்ணன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில சொற்கள் வரவேயில்லை. அவற்றைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, இடது கையால் வேலை செய்யப் பழகினேன். என் பேராசிரியர் அந்த மாற்றப்பட்ட வகையை எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். குடுவையை நீட்டினார், என்னால் வாங்க முடியவில்லை. "இத வேற ஆருக்காவது குடுங்க சேர்" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. மருந்து படும்போது போகும் அந்த ஆபத்துச் சேதியைத்தான் பிறகு ஆராய்ந்தேன். இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

நான்கு வருடங்களுக்குப் பிறகு, யுத்தம் முடிந்த மே மாதத்தில் எனக்குக் கொழும்பில் படம் எடுக்கும் முறை வந்தது. ஒரு புள்ளி மட்டும் அப்படியே இருந்தது. வளரவுமில்லை, மறையவுமில்லை. "தழும்பாத்தான் இருக்கும். மருந்த நிப்பாட்டிப் பார்ப்பம்" என்றார் டாக்டர். நிறுத்தினேன். அதன் பிறகு ஒவ்வொரு தலைவலியின்போதும், நாவில் ஒரு சொல் தடுக்கும் ஒவ்வொரு முறையும், சீப்பு, கதவு, காக்கா என்று எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். புள்ளி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அது என்னவென்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அன்று காக்காவோடு கொழும்பிலிருந்து திரும்பி வந்த வானில் என் பக்கத்தில் தம்பிலுவில்லைச் சேர்ந்த ஒரு தமிழ் அம்மா இருந்தார். தன் நோய்க்கு மருந்தெடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர். மலை இறங்கியதும் ஒரு சிங்களக் கிராமத்தில் வழிமறித்தார்கள். யுத்த வெற்றிக்காகத் தெருவெல்லாம் கொடியும் வெடியும். ஓர் இளைஞன் சிரித்த முகத்தோடு யன்னலால் இலைப்பொதிகளில் பாற்சோறு நீட்டினான். காக்கா வாங்கி, "தின்னுங்க, பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க" என்று மெல்லச் சொன்னார். நாங்கள் தின்றோம். அந்த அம்மா தன் பங்கை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார்.

வான் ஓடத் தொடங்கியதும் கேட்டார்: "டொக்டர் என்ன சொன்னவர் புள்ள?"

"முடிஞ்சிட்டு எண்டுதான் சொல்றார்."

"ஓம்." சோற்றின்மேல் முந்தானையை இழுத்துவிட்டு, "என்ட மகன் வன்னியில, சண்டைக்குள்ளதான். தை மாசத்துக்குப் பிறகு ஒரு கதையும் இல்ல" என்றார்.

காக்கா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி ஏறினோம். ஒவ்வொரு தடவையும் அவர் அந்தச் சோற்றை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி, வந்து திரும்ப மடியில் எடுத்துக்கொண்டார். காரைதீவுச் சந்தியில், திருக்கோவில் பக்கம் போகும் பஸ்ஸுக்காக இறங்கியபோது அதை எடுக்கவில்லை. காக்கா அதை வீடு வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். உம்மா பிரித்துப் பார்த்து, புளித்துவிட்டதென்று கோழிகளுக்குப் போட்டார்.