சிம்னி மாணிக்கத்தின் தபசு

பொதட்டூர்பேட்டையில் ராஜமாணிக்கம் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சிம்னி மாணிக்கம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். அந்தப் பெயரை ஊர் வைக்கவில்லை, அவனே வாயைக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டது. அதற்காக அவனைத் திட்டுகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் முதல் ஆளாக அவனே நிற்பான். "இந்த வாயை வெச்சிக்கினு நான் பட்ட பேஜாரு பகையாளிக்குக்கூட வரக்கூடாதுப்பா" என்றுதான் பிற்காலத்தில் கதையைத் தொடங்குவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் கல்யாணமான கையோடு, கரும்பு வெட்டும் கூலியை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலைக்குப் போனான். வேலை கேண்டீனில். நெஞ்சு உயர அண்டாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, அதன்மேல் நின்று சாம்பார் கிண்ட வேண்டும். நாஷ்டாவும் சாப்பாடும் அங்கேயே, தூங்க ஒரு ஷெட்டு, காக்கிச் சட்டை இரண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் மாதம் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள்.

"கம்பெனியில இன்னா வேலை மாணிக்கம்?"

வெட்டுக்கத்தி பிடித்தவன் கரண்டி பிடிக்கப் போயிருக்கிறான் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கேண்டீன் ஜன்னலில் தினமும் தெரிகிற புகைபோக்கி சமயம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"சிம்னி மேல. நூறு அடி. உச்சிக்கு ஏறி விரிசல் கிரிசல் உட்டுக்கீதான்னு பாக்கணும்."

அன்றைக்கு டீக்கு அவனிடம் யாரும் காசு கேட்கவில்லை. அந்த ருசி விடுமா? அடுத்தடுத்த வருகைகளில் சிம்னி வளர்ந்துகொண்டே போனது. அங்கே நின்றால் பழவேற்காட்டுக் கடல் தெரியும் என்றான். எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரியெல்லாம் தீப்பெட்டி அடுக்கினாற்போல இருக்கும் என்றான். ஒரு தடவை மேகத்தைக் கையால் விலக்கியதாகக்கூடச் சொல்லிவிட்டு, அவனே கொஞ்சம் வெட்கப்பட்டான்.

உண்மை என்னவென்றால், முக்காலிக்கு மேற்பட்ட உயரத்தில் அவன் ஆயுளில் நின்றதில்லை. அதிலும் ஒரு கை அண்டா விளிம்பைப் பிடித்திருக்கும். ஊரைச் சுற்றி மலை, ஆடு மேய்க்கிற வயதில் மற்ற பிள்ளைகள் பாறைக்குப் பாறை தாவ, இவன் அடிவாரத்திலேயே உட்கார்ந்து எல்லார் சோற்று மூட்டைக்கும் காவல் இருந்தவன்.

மலைப்பாறையெல்லாம் அடுப்பாய்க் கொதிக்கிற சித்திரையில்தான் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா வரும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசி நாள் தீமிதி. நடுவில் ஒரு நாள் மத்தியானம் அர்ஜுனன் தபசு. கோயில் திடலில் நெடிய பனந்தண்டு ஒன்றை நட்டு, குறுக்கே படிகள் அறைந்து, உச்சியில் ஒரு பலகை போட்டிருப்பார்கள். அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஏற வேண்டும், பாடாமல் படி மாறக்கூடாது. உச்சிக்குப் போய் சிவனைக் கும்பிட்டு, தோள்பையில் இருக்கும் எலுமிச்சம்பழங்களைக் கீழே எறிவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரச்சேலையோடு மரத்தைச் சுற்றி உட்கார்ந்து முந்தானை ஏந்தியிருப்பார்கள். யார் மடியில் பழம் விழுகிறதோ அவள் வீட்டில் அடுத்த சித்திரைக்குள் தொட்டில் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் பழம் மரத்திலிருந்து விழ வேண்டும். கையில் கொடுத்து வாங்கினால் அது வெறும் எலுமிச்சம்பழம், ஊறுகாய்க்குத்தான் ஆகும்.

மாணிக்கத்தின் மனைவி செண்பகம் வருஷா வருஷம் போய் ஏந்திக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பழம் அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு வருஷம் பக்கத்தில் இருந்தவள் மடியில் இரண்டு விழுந்து, அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அன்றிலிருந்து செண்பகம் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டம் கலைந்த பிறகுதான் போவாள்.

எழுபத்தைந்தில், தபசு அன்று காலையில், கூத்து ஜமாவில் அர்ஜுனன் வேஷம் கட்டுகிறவர் வெயிலுக்கு இதம் என்று கணக்கு வழக்கில்லாமல் நுங்கு தின்று, வயிறு கலங்கிப் படுத்துவிட்டார். விழாக்குழுத் தலைவர் அரசப்பன், அரிசி மண்டிக்காரர், ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன், தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தார்.

"நம்ம சிம்னி மாணிக்கம் லீவுல வந்துகீறான் இல்ல? நூறு அடி ஏறுறவனுக்கு இந்த மரம் இன்னா, துரும்பு! பாட்டும் அவனுக்கு மனப்பாடம்."

பாட்டு மனப்பாடம்தான். பிறந்ததிலிருந்து கேட்கிறான். அதுவே வினையாகப் போனது.

"அண்ணே, கம்பெனியில பெல்ட்டு குடுப்பாங்க. பெல்ட்டு இல்லாம ஏறக்கூடாதுன்னு ரூலு" என்று இழுத்துப் பார்த்தான்.

"கவுறு கட்டிக்கோ நைனா, அம்மன் பாத்துக்குவா" என்று அரசப்பன் முடித்துவிட்டார்.

வேஷம் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனால் திருவள்ளூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், கம்பெனியிலிருந்து தந்தி வந்தது என்று அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பையைத் தூக்கும்போது செண்பகம் எதிரில் வந்து நின்றாள். அப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சேலை சொட்டச் சொட்ட.

"நீ ஏறுறியாமே? இத்தினி வருசம் எவனோ மேல நின்னான், என்ன அவனுக்குத் தெரியாது. நீ நின்னா எனுக்கு ஒண்ணு பாத்துப் போட மாட்டியாய்யா?"

அவள் கேட்டு அவன் எதுவும் வாங்கித் தந்ததில்லை, அவள் எதுவும் கேட்டதே இல்லை என்பதால். பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கோயில் திடலுக்குத் திரும்பிப் போய், எறிவதற்காகக் கூடையில் வைத்திருந்த பழங்களில் மஞ்சளாக, பழுதில்லாத ஒன்றைப் பொறுக்கி, இடுப்பு வேட்டியில் இரண்டு முடிச்சுப் போட்டு அவளுக்கென்று பத்திரப்படுத்திக்கொண்டான். அந்த இரண்டாவது முடிச்சு எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

ஜடாமுடி, வில், முகத்தில் நீலம். ஊரே கை தட்டியது. முதல் படி முக்காலி உயரம், பிரமாதமாகப் பாடினான். மூன்றாவது படியில் ஒரு கை தானாகவே அண்டா விளிம்பைத் தேடியது. ஐந்தாவதில் ஒரு யோசனை வந்தது. பாட்டு முடிந்தால்தானே ஏற வேண்டும்? பாட்டை முடிக்காவிட்டால்? ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடினான். இழுத்தான், குழைத்தான், கண்ணை மூடி உருகினான். "ஆகா, இன்னா பக்தி!" என்றார் கூத்து வாத்தியார். வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சேலை காய்ந்து மொடமொடவென்று ஆகிவிட்டது.

"யோவ் அர்ஜுனா, அடுப்புல உலை வெச்சிட்டு வந்துகீறேன், சீக்கிரம் ஏறுய்யா!" என்று ஒருத்தி கத்தினாள்.

உச்சிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. பலகையில் உட்கார்ந்து வலது கையால் மரத்தைத் தழுவிக்கொண்டான், எட்டு வருஷத்தில் பெண்டாட்டியைக்கூட அப்படி இறுக்கியதில்லை. கண்ணைத் திறக்காமல் இடது கையால் பையைத் துழாவிப் பழங்களை எறிந்தான். ஒன்று மத்தளத்தில் பட்டுத் துள்ளியது. ஒன்று அரசப்பனின் வழுக்கையில் 'ணங்' என்று விழுந்தது.

"எட்டாவதுக்குத் தொட்டில் சொல்லிடுங்கண்ணே!" என்று கூட்டம் குலுங்கியது.

மற்றதெல்லாம் யார் யார் மடியிலோ விழுந்தன. செண்பகத்தின் பழம் இடுப்பிலேயே இருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு கை வேண்டும். மரத்தை விட அவனுக்கு மனம் வரவில்லை.

பூசை முடிந்ததும் கூட்டம் கூழ் வாங்கக் கோயில் பக்கம் ஓடியது. சிம்னிக்காரன் இறங்கிக்கொள்வான் என்று எல்லாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. மரத்தடியில் செண்பகம் மட்டும் காலி முந்தானையை மடக்காமல் நின்றாள்.

"எனுக்குப் போடலியே" என்றாள். கோபமாகக்கூட இல்லை, அதுதான் அவனை வதைத்தது.

"இடுப்புல கீதுமே. அவுக்க முடியல."

"செரி, எறங்கி வா."

"எப்பிடின்னுதான் தெரியல."

ஏறுவதற்குப் படிக்கொரு பாட்டு எழுதி வைத்த புண்ணியவான் இறங்குவதற்கு ஒரு வரி எழுதவில்லை. செண்பகம் மேலே பார்த்தாள். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கண்ணத் தொறக்காத. நான் சொல்றேன், கால வை. எடது கால்... இன்னும் கொஞ்சம்... கீது, வை. இப்போ வலது."

அவள் சொல்லச் சொல்ல, புடலங்கொடியில் ஊரும் பூச்சியாக இறங்கினான். கடைசிக்கு நாலைந்து படி இருக்கும்போது அடுத்த காலை எடுக்காமல் மரத்தோடு ஒட்டிக்கொண்டான்.

"சிம்னிய நெனைக்காதய்யா" என்றாள் அவள். "அண்டா பக்கத்துல முக்காலி மேல நிப்ப இல்ல, அத நெனச்சிக்கோ."

அவன் கண்ணைத் திறந்தான். "அண்டாவா?"

"உன் சட்டைய இத்தினி வருசமா யாரு தோய்க்கிறா? சிம்னி ஏறுறவன் சட்டையில பொகை அடிக்கும். உன்துல பெருங்காயம்தான அடிக்குது. தூக்கத்துலகூட அண்டா, முக்காலின்னுதான ஒளர்ற."

மாணிக்கம் மரத்தில் தொங்கிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது, முகத்து நீலம் கழுத்தில் வழிந்தது. எட்டு வருஷம் ஊரை ஏமாற்றியவன், வீட்டுக்குள் இருந்த ஒருத்தியை ஒரு மாதம்கூட ஏமாற்ற முடியவில்லை. அவளோ அவன் மானத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதுபோல வைத்திருந்தாள்.

கடைசிப் படிக்கு வந்ததும் ஒரு காலைத் தரையில் வைக்கப் போனான்.

"கீழ எறங்காத!" என்று அதட்டினாள். "எறங்கிட்டா செல்லாது. மரத்துல இருந்துதான் உழணும்."

அவன் படியிலேயே நின்று, மரத்தை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்தான். அவள் முழங்கால் மடக்கி உட்கார்ந்து முந்தானையை இரண்டு கையாலும் உயர்த்தி விரித்தாள். பழம் ஒரு முழம் கீழே விழுந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே தோலோடு கடித்துத் தின்றாள்.

கடைசி நாள் தீமிதிக்கு வந்தவர்களுக்கான சாம்பாரை மாணிக்கமே முக்காலி போட்டு நின்று கிண்டினான். கம்பெனியில் என்ன வேலை என்பதையும், மரத்தில் நடந்ததையும் அவனே வாயால் சொல்லிவிட்டான். ஊர் மூன்று நாள் சிரித்தது, சிம்னி என்ற பெயரை மட்டும் விடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது அடுத்த சித்திரைக்குள் இல்லை. எழுபத்தெட்டில். தொட்டில் கட்டிய அன்று அரசப்பன், "தபசுப் பழம்னா ஒரு வருசத்துல பலிக்கணுமே, உன்து ஏன்பா மூணு வருசம் ஆச்சு?" என்று கேட்டார்.

"மத்தவங்க பழம் உச்சியில இருந்து வேகமா வந்து உழுந்துது அண்ணே" என்றான் மாணிக்கம், தொட்டிலை ஆட்டிக்கொண்டே. "என்து ஒரு முழத்துல இருந்துதான உழுந்துது. மெதுவாத்தான் வரும்."