நான் எழுதி வைத்த தண்ணீர்

கையெழுத்து நன்றாக இருக்கும், தேதி தவறாது என்பதால், கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தை எழுதும் வேலையை ஊராட்சித் தலைவர் என்னிடம் விட்டிருந்தார். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 2002 மே முதல் தேதி கூட்டத்தில், "இருளர் குடியிருப்பு கைபம்பு பழுது நீக்கப்பட்டது" என்று எழுதினேன். மெக்கானிக் மறுநாள் வந்துவிடுவார் என்று தலைவர் சொன்னதை நம்பினேன். நடந்து போய்ப் பார்க்கவில்லை. மெக்கானிக் வரவே இல்லை.

ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு அந்தக் குடியிருப்பிலிருந்து, நாற்று நடும் கன்னியம்மா வந்தார்.

"இன்னா சார், ஆபீசுல மனு குடுத்தா, பம்பு சரியாயிட்ச்சின்னு நீ எயுதினத காட்றாங்க. உன் நோட்டுல வர்ற தண்ணி எங்க கொடத்துல வரலியே! ஏரித் தண்ணி குடிச்சி என் பொண்ணு பேதியாகி ஆஸ்பத்திரில கீது."

யாரோ சிரித்தார்கள். நான் புத்தகத்தைப் புரட்டி மே மாதப் பக்கத்தை எடுத்தேன். அங்கேயே பழைய வரிக்குக் கீழே, "இது பொய். பார்க்காமல் எழுதியவன் நான்" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் பம்பு சரியானது. சிறுமியும் தேறி வீடு திரும்பினாள்.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு முந்தின நாள் அங்கே போய்விடுகிறேன். கன்னியம்மா பம்பு அடிக்க, நான் கையேந்திக் குடிப்பேன்.

"குடிச்சிட்டியா சார்? இப்போ எயுது" என்பார்.