சூட்டறையில் காய்ந்த சீருடை

பெயிண்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதெல்லாம் சரிதான்; பெற்ற மகள் மூச்சுக்குத் திணறுவதைக் கேட்டுக்கொண்டு எந்த மனுஷன் சும்மா இருப்பான்? மழை பிடித்ததிலிருந்து இதே பாடு. கழுத்தெல்லாம் தடிப்பு, ஓயாத தும்மல், சாயங்காலமானால் இளைப்பு.

முட்டையை நிறுத்தினார்கள். பாலை நிறுத்தினார்கள். கடைசியில் பழி பூனை மேல் விழுந்தது. மகள் அழ அழ, அதைக் கூடையில் போட்டு மச்சினன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பாவம், அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? பூனை போனதே தவிர, இளைப்பு போகவில்லை.

"லீவு நாள்ல எப்படி இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அன்னைக்கு ஒரு தொல்லையும் இல்ல டாக்டர். துள்ளிக்கிட்டுத் திரியுறா," என்றாள் பெயிண்டரின் மனைவி.

"அப்போ பள்ளிக்கூட நாள்ல மட்டும் மேல படுறது என்னன்னு பாருங்க. புகை, தூசி, ரசாயன நெடி, எதுவா வேணா இருக்கலாம். இப்பல்லாம் நிறைய பிள்ளைங்களுக்கு இப்படி வருது. இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

பள்ளிக்கூட நாளில் மட்டும்! பட்டறைக்குத் திரும்பியும் மனுஷன் அதையே மென்றுகொண்டிருந்தார். சூட்டறைக் கதவைத் திறந்தார். பெயிண்ட் அடித்த கார்களைச் சூட்டில் உலர்த்தும் அறை அது. ஓரத்துக் கம்பியில் மகளின் சீருடை தொங்கியது. மற்ற துணி மெல்லக் காயலாம், சீருடை மறுநாளே வேண்டுமே என்று மனைவி புலம்பியபோது, "இதுக்கா கவலை? என்கிட்ட குடு" என்று மார்தட்டி வாங்கி வந்தவர் அவரேதான். மழை தொடங்கியதிலிருந்து தினமும் இங்கேதான் காய்கிறது.

மொடமொடவென்று இருந்தது. மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் தின்னரில் ஊறிய மூக்குக்கு என்ன தெரியும்? டீ கொண்டுவந்த அக்காவிடம் நீட்டினார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"அடக் கடவுளே! பெயிண்ட் நெடி குப்புன்னு அடிக்குதேப்பா. இதையா பிள்ளைக்குப் போடுறே?"

சீருடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். படியேறும் சத்தம் கேட்டதும், மகள் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்போதுதான் பெயிண்ட் படிந்த தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பதறிப் பின்வாங்கினார்.

"கிட்ட வராதடா கண்ணு! அப்பாவாலதான் உனக்கு இளைக்குது போல. குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"அப்போ உங்களையும் மாமா வீட்டுல விட்டுடுவாங்களாப்பா?"