ஒற்றைக் காதுப் பாத்திரம்

போன மாதம் என் மகனுக்கு உத்தியோக உயர்வு கிடைத்ததென்று அவனுடைய சிநேகிதர்கள் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் விருந்து வைத்தார்கள். என்னையும் பட்டுப்புடவை கட்டவைத்து அழைத்துப் போனார்கள். நுழைந்ததுமே மேஜைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் பாத்திரம். அகன்ற வாய், உருண்ட வயிறு, உடம்பெல்லாம் நீல ரோஜா, ஒரு பக்கம் மட்டும் காது. அதில் மண்ணைப் போட்டு ஏதோ கொடியை வளர விட்டிருந்தார்கள். "பழைய காலத்துப் பூந்தொட்டிம்மா, ரொம்ப விலை" என்றான் மகன். நான் முகத்தைத் துடைப்பதுபோல முந்தானையால் மூடிக்கொண்டேன். அது பூந்தொட்டி இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் அவன் கேட்டுவிடக் கூடாது.

அந்த மாதிரிப் பாத்திரத்தைப் பார்த்தால் எனக்கு ஈர வைக்கோல் நாற்றம் வந்துவிடும். வெள்ளைக்காரர்களின் முதல் சண்டை ஓய்ந்து, சாமான் விலை மட்டும் ஓயாமலிருந்த காலம். எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்து மீனவர் குப்பத்தில் நான் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண். ராயபுரத்து மாப்பிள்ளை, ரயில் பட்டறையில் வேலை. அவன் வீட்டில் பித்தளை அண்டா, தவலை, குடம் என்று சீர் கேட்டிருந்தார்கள். அதற்கு எங்கள் அப்பா, நைனாவிடம் வழியில்லை. கல்யாண நாளும் தள்ளித் தள்ளிப் போனது, நானும் இறால் ஆய்ந்துகொண்டே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்துபோயிருந்தேன்.

அந்த ஐப்பசிப் புயலில் முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு கப்பல் மணல் தட்டி உடைந்தது. மழை விடுவதற்குள் குப்பமே அதற்குப் புதையல் கப்பல் என்று பெயர் வைத்துவிட்டது. ஏதோ ராஜாவின் தங்கம் லண்டனுக்குப் போனதாம், ராணியின் அட்டிகை மட்டும் ஒரு பெட்டியாம். தானே கூடமாட நின்று ஏற்றிவிட்டவன் மாதிரி ஒவ்வொருவனும் சொன்னான். விடிந்ததும் அலையில் பெட்டிகள் மிதந்து வந்தன, வீட்டுக்கு ஒன்றாவது கிடைத்தது. நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒன்றை இழுத்துவந்து உடைத்தார். ஒரே வைக்கோல். வைக்கோலுக்குள் நீல ரோஜா.

"ராஜா வூட்டுச் சாமான்டி இது! எப்டி பளபளன்னு கீது பாரு!" என்று நைனா குதித்தார். அவர் குதித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒற்றைக் காது எதற்கு என்று அம்மாவுக்குச் சந்தேகம். நைனாவின் அக்கா, என் அத்தை, எல்லாம் தெரிந்தவள். "பந்தியில ஒரு கையில பிடிச்சிக்கினு இன்னொரு கையில பரிமாறத்தான் ஒத்தக் காது வெச்சிக்கிறான். வெள்ளக்காரன் மூளையே மூள" என்றாள். பித்தளைக்குப் பதில் சீமைப் பீங்கான் என்று ராயபுரத்துக்குச் சொல்லியனுப்பினோம். அவர்களுக்கும் வாயெல்லாம் பல்.

அதே அலையில் ஒரு மனிதனும் பிணமாக ஒதுங்கினான். கப்பலில் வேலை செய்தவனாக இருக்கவேண்டும். கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு, அவ்வளவுதான். எந்த ஊர், எந்தச் சாமி, ஒன்றும் தெரியவில்லை. மணல்மேட்டில் புதைத்து, தலைமாட்டில் ஒரு உடைந்த துடுப்பை நட்டார்கள். "இவன் சரக்காலதான் எம் பொண்ணுக்குக் கண்ணாலம். வருசா வருசம் இவனுக்கு வெளக்கு வெக்கணும்" என்றார் நைனா. முதல் விளக்கை என்னைத்தான் ஏற்றச் சொன்னார்கள். காற்றில் அணைந்து அணைந்துபோக, கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் கல்யாணம். காலையில் தாலி ஏறியது, அதன் பிறகு பந்தி. சாம்பார் ஒன்றில், கூட்டு ஒன்றில், பாயசம் ஒன்றில். அத்தை ஒற்றைக் காதைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நடந்தாள். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். ஒரு துரை பங்களாவில் பட்லர், அதனால் ராயபுரமே அவரைப் பட்லர் மாமா என்றுதான் கூப்பிடும். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான். தான் எடுத்து வைத்தால்தான் துரை சாப்பிடுவார் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், பாயசத்துக்கு நிமிர்ந்து பாத்திரத்தைப் பார்த்ததும் இலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ! இன்னா கலீஜு இது! தொரசானி கட்டிலுக்குக் கீழ கீற சட்டியாச்சே! ராவுல எழுந்து அதுலதான் ஒண்ணுக்குப் போவாங்க!"

பந்தி முழுக்க வாயில் வைத்தது வைத்தபடி நின்றது. யாரோ குமட்டினார்கள். மாமியார் எழுந்துவிட்டாள். "எல்லாம் எய்ந்திரிங்க. தாலிய வோணா அவளே வெச்சிக்கட்டும். பொண்ண இங்கியே வுட்டுட்டு வண்டிய கட்டுங்க." நைனா அவள் காலருகே கைகூப்பி நின்றார். பூப்பாரத்தில் தலையைக் குனிந்தபடி, கடல் இங்கேயே வந்து என்னை எடுத்துக்கொண்டு போகாதா என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான் அத்தை, அவமானத்தில் முகம் சிவந்து, கேட்டாள். "ஏண்ணே, பந்தி வெக்கிற பட்லருக்கு கட்டிலுக்குக் கீழ இன்னா வேல?"

பட்லர் மாமா கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். தினமும் காலையில் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை. அது அப்படி விழுந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதையும் மறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு அவர்தான் தன் தங்கையை, என் மாமியாரைப் பார்த்துச் சொன்னார். "ஒக்காரு. பொண்ண இட்டுகினு போலாம். கப்பலும் வர்ல, சட்டியும் வர்ல, இங்க ஒண்ணும் நடக்கல. இன்னாங்கறீங்க?"

சரி என்றது பெண் வீடு. சரி என்றது மாப்பிள்ளை வீடு. குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சட்டியில் சோறோ குழம்போ இருந்ததால் குப்பமும் சரி என்றது. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் உடைத்துக் கழிமுகச் சேற்றில் போட்டார்கள். நான் ராயபுரத்துக்கு வண்டி ஏறினேன். என் வீட்டுக்காரர் சாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நல்ல மனுஷன். ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகைக்கும் பாயசம் வைத்ததில்லை. சர்க்கரைப் பொங்கல்தான்.

அடுத்த ஐப்பசியில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு மணல்மேட்டுக்குக் கிளம்பினாளாம். அத்தை வழி மறித்துக் கேட்டாளாம்: "யாருக்கு வெளக்குன்னு யாராச்சும் கேட்டா இன்னான்னு சொல்லுவ? கப்பல்ல வந்தவன்னா? எந்தக் கப்பல்னு கேப்பாங்களே?" அம்மா திரும்பிவிட்டாள். துடுப்பை யாரோ அடுப்புக்குப் பிடுங்கிப் போனார்கள். நான் ராயபுரத்தில் குழந்தை குட்டியென்று இருந்தேன். அந்த விளக்கைப்பற்றிக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

விருந்தில் மகனுடைய சிநேகிதன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பழைய கதையெல்லாம் சேகரிக்கிற பிள்ளை. "அம்மா, எண்ணூர் பக்கம் தங்கம் ஏத்திக்கிட்டு வந்த கப்பல் ஒண்ணு மூழ்கிச்சாமே? நீங்க அந்தப் பக்கம்தானே?" என்றான். கையில் பாயசக் கிண்ணம். நான் யோசிக்கக்கூட இல்லை. "கப்பலா? அப்படி ஒண்ணும் வரலப்பா" என்றேன். அத்தனை வருஷம் பழகிய நாக்கு.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு அகலும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மணல்மேடு இல்லை. இறால் பிடித்த ஓடை இல்லை. மின்சார நிலையத்துச் சாம்பல் எங்கு பார்த்தாலும் வெளுத்துக் கிடந்தது, நடுவே பெரிய பெரிய குழாய்கள். தலைமாடு எது, கால்மாடு எது? ஒரு குழாயடியில் அகலை ஏற்றி வைத்து, அன்றைக்குப்போலக் கையைக் குவித்துக்கொண்டேன். அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் வந்தான்.

"இன்னா ஆயா, யாருக்கு வெளக்கு?"

வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது.

"சும்மாதான் கண்ணு. கடலுக்கு."

"கடலு அந்தாண்ட கீது ஆயா" என்று கையைக் காட்டினான். நான் அகலை எடுத்துக்கொண்டு அவன் காட்டிய பக்கம் நடந்தேன்.