ஒட்டிய மூடி

எங்கள் கள்ளக்குறிச்சிக் குடியிருப்பின் காவலாளி, ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். கொட்டும் மழையிலும் தன் அறைக் கதவைச் சாத்தாமல் நனைந்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஆறு மாதம் உட்கார்ந்து நான் துண்டு துண்டாக ஒட்டிய டாங்கி பொம்மையைப் பாராட்டுக்கு ஆசைப்பட்டு அவரிடம் நீட்டினேன். இதைவிடப் பெரிய அளவில் கிடைக்காத ஏக்கத்தையும் சொன்னேன். சேறு, துரு என்று நான் வண்ணத்தில் இழைத்த எதையும் அவர் பார்க்கவில்லை. டிரைவர் தலைக்கு மேலுள்ள மூடியை நகத்தால் நெம்பினார். அசையவில்லை.

"இத்த ஏன் சார் ஒட்டினீங்க?"

"உள்ள ஆள் பொம்மை இல்லீங்க. தொறந்தா காலியா தெரியும்."

"காலியா? நான் உள்ள குந்திக்கினு இருந்தேன் சார்! தீப்புடிச்சா எப்புடி வெளிய வர்றது? இதுல பெருசா வேற வோணுமா உங்களுக்கு?"

வீட்டுக்கு வந்து கத்தியால் நெம்பினேன். நான் பசை போட்டால் எதுவும் பெயராது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். பெயரவில்லை.